குயிற்குன்றிலிருந்து பெரியாற்றுக்கு



ஸ்காத்லாந்து நாட்டில், எடின்பரோ நகருக்குத் தெற்கே, பெனிகுக் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பெயருக்குக் 'குயில் இருக்கும் குன்று' என்பது பொருள் என்று அந்நாட்டின் பழமொழிகளைக் கற்றவர்கள் சொல்லுவார்கள். அங்கே கூவுவது நம் கரிய குயில் அன்று. ஆயினும் இனம் ஒன்றுதான். அந்த ஊரின் பெயரையே குலப்பெயராகக் கொண்ட ஒரு குடும்பம், போர்த் தொழிலைப் பிழைப்பாக ஏற்றுக் கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்தது. அக்குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பெயரைத்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் குழந்தைகளுக்கு இட்டு அழைக்கிறார்கள். பென்னிகுயிக் என்பது அப்பெயர்.

பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக் என்றால் தென்பாண்டி நாட்டில் அறியாதவர் இல்லை. கூடலூரிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் வீடுகளில் சுவாமி படத்துக்குப் பக்கத்திலே அவருடைய படமும் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். ஆனால், 'இவருடைய தகப்பனார் யார்? தாயார் பெயர் என்ன? உடன்பிறந்தார் உண்டா? பிள்ளைகள் உண்டா?' என்று அந்த வீட்டாரைக் கேட்டால், அவர்கள் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சுவாமிக்குக்கூட நாம் தாய் தந்தையரையும் மாமன் மைத்துனரையும் வைத்திருக்கிறோம். நமக்குத் தண்ணீர் தந்த மனிதருக்கு ஒரு குடும்பம் இருந்ததை மட்டும் எப்படியோ மறந்துவிட்டோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அணை அன்று, அந்தக் குடும்பம்.

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்க்காரனாகிய எனக்கு இதிலே என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர்க் குடகனாறு பழனிமலைச் சரிவில் இறங்கி வடக்கு நோக்கிச் சென்று அமராவதியிலே கலந்து, அதன் வழியே காவிரியைச் சேருவது. பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் வயலில் ஒரு சொட்டும் பாய்வதில்லை. ஆனால் எங்களுக்குத் தெற்கே சில கல் தொலைவு சென்றால் போதும். நிலக்கோட்டைச் சீமையில் பேரணை என்ற இடத்திலே வைகையை மறித்து, பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் பிரிகிறது. மதுரை மேலூர் வரைக்கும் போகிற தண்ணீர் எங்கள் மாவட்டத்து மண்ணில்தான் கால்வாய்க்குள் கால் வைக்கிறது. மற்றொன்றும் உண்டு. அந்த அணை எழுந்த காலத்தில் போடிக்கும் தேனிக்கும் இரயில் கிடையாது. இரும்பும் இயந்திரமும் ஏற்றிவந்த இரயில் பெட்டிகள் அம்மையநாயக்கனூர் நிலையத்திலேதான் இறக்கப்பட்டன. கொடைக்கானல் ரோடு என்று இப்போது நாம் சொல்லும் நிலையம் அது. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாடு வரைக்கும் மாட்டுவண்டிதான். ஆகவே இந்தக் கதையிலே எங்கள் ஊர்ப்புறத்து மாடுகளுக்காவது ஒரு பங்கு இருக்கிறது. மாடு ஓட்டியவர்களைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

அணை கட்டியவரின் தந்தை பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. தகப்பன் பெயரையே மகனுக்கு இடுவது அவர்கள் வழக்கம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். இதனால் அவர்களுடைய வமிசாவளியைப் படிக்கும் நம் மாணவர்கள் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெரியவர் பிரிட்டிஷ் அரசரின் காலாட்படையிலே படிப்படியாக உயர்ந்தவர். முதல் ஆப்கானியப் போரிலும் பங்கு கொண்டவர். அவர் மனைவி சாரா. அவர்களுடைய பிள்ளைகளுள் ஒருவராக நம் ஜான் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனா நகரத்திலே பிறந்தார். பாளையம் மாறுந்தோறும் வீடு மாறும் சிப்பாய்க் குடும்பத்திலே பிறந்த பிள்ளைக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்ல முடியும்? தந்தையின் படைப்பிரிவு தங்கியிருக்கும் இடமே ஊர்.

1849ஆம் ஆண்டு. இரண்டாம் சீக்கியப் போர் நடக்கிறது. பெரியவர் பென்னிகுயிக் அப்போது பிரிகேடியர்; இருபத்துநான்காம் காலாட்படையை உள்ளிட்ட ஒரு பிரிகேடுக்குத் தலைவர். அதே படைப்பிரிவில் அவருடைய மகன் அலெக்சாந்தரும் இளம் அதிகாரியாகச் சேர்ந்திருந்தான். அவனுக்கு வயது பதினேழு. நம் பள்ளிக்கூடத்திலே பதினொன்றாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வயது.

சனவரி 13ஆம் நாள், ஜீலம் ஆற்றை அடுத்த சிலியன்வாலா என்ற ஊரின் அருகே, லார்டு கப் என்ற தளபதியின் கீழே ஆங்கிலேயப் படையும், சேர்சிங் அட்டாரிவாலாவின் சீக்கியப் படையும் மோதின. மாலை நெருங்குகிற நேரம். நடுவிலே முட்புதர்க் காடு. எதிரி எங்கே இருக்கிறான் என்பதே கண்ணுக்குத் தெரியாத நிலம். துப்பாக்கி சுடாமல், சனியனை நீட்டிப் பிடித்துக்கொண்டே பாய வேண்டும் என்று இருபத்துநான்காம் படைக்கு உத்தரவாயிற்று. அவர்கள் ஓடிய வேகத்திலே பக்கத்துணையாக வரவேண்டிய சுதேசிப் படைகள் பின்தங்கிப் போயின. புதரைக் கடந்து வெளிப்பட்டபோது சீக்கியப் பீரங்கிகள் நேர் எதிரே நின்றன. சிறிது நேரத்துக்குள் அந்த ஒரு படைப்பிரிவிலே மட்டும் மாண்டவரும் காயமுற்றவருமாக ஐந்நூறு பேருக்கு மேற்பட்டோர் விழுந்தார்கள். பிரிகேடியர் பென்னிகுயிக்கும் விழுந்தார். மகன் அலெக்சாந்தர் தந்தையின் உடலைவிட்டு அகலாமல் நின்று போரிட்டு அங்கேயே மாண்டான்.

தகடூரிலும் தலையாலங்கானத்திலும் நடந்த போர்களைப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மகனை வேல்கொடுத்துப் போருக்கு அனுப்பிய தாயைப் புறநானூறு பாடுகிறது. நம் ஆசிரியர்கள் அதைத் தொண்டை அடைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஒன்றை நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டதில்லை. பிறர் நாட்டைக் கைப்பற்ற வந்த படை அது. அந்தப் போரின் முடிவிலே, அதே 1849ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பஞ்சாப் ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசு இழந்த துலீப்சிங்குக்கு வயது பத்து. தந்தையையும் அண்ணனையும் ஒரே நாளில் இழந்த ஜான் பென்னிகுயிக்குக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரே போர் இரண்டு சிறுவரையும் இரண்டு விதமாக வெறுங்கையாக்கிற்று. ஒருவனுக்காக மட்டும் இரங்கினால் நாம் வரலாறு படித்தவர்கள் ஆகமாட்டோம்.

சிலியன்வாலா இப்போது பாகிஸ்தானத்தில் இருக்கிறது. மாண்டவர்கள் நினைவாக அங்கே ஒரு கல் தூண் நிற்கிறது.

இனி, பிள்ளைகளோடு நின்ற சாரா அம்மையாரை நினைத்துப் பாருங்கள். போர்க்களத்திலே கணவனையும் மூத்த பிள்ளை ஒருவனையும் பறிகொடுத்த ஒரு பெண், அடுத்த பிள்ளையையும் அதே இந்தியப் படைக்கு அனுப்பத் துணிந்தாள் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுகிற செய்தி. ஜான் முதலில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு அதிகாரிகளைப் பயிற்றுவித்த அடிஸ்கோம்பு கலாசாலையிலும் பயின்றார். 1858ஆம் ஆண்டின் இறுதியில் அதிகாரப் பத்திரம் பெற்று, 1860இல் சென்னை வந்து இறங்கினார். தந்தையும் தமையனும் இருந்த காலாட்படையில் அவர் சேரவில்லை. சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். சனியனுக்குப் பதிலாக மட்டக்கோல். 1867, 1868ஆம் ஆண்டுகளில் அபிசீனியாவுக்குச் சென்ற படையோடு அவரும் போனார். ஆகையால் அவரைப் போர் காணாத பொறியாளர் என்று சொல்ல இயலாது. ஆயினும் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி மராமத்து இலாகாவிலேதான் கழிந்தது.

இவ்வளவு செய்தியும் நமக்கு எப்படிக் கிடைத்தன என்று நீங்கள் சிறிது யோசிக்கவேண்டும். படைப் பட்டியல்கள் அச்சிடப்பட்டன. ஞானஸ்நானக் கணக்கும் மணக் கணக்கும் அடக்கக் கணக்கும் தேவாலயங்களிலே இருந்தன. கல்லறையிலே எழுத்து இருந்தது. சாதாரணக் குடும்பங்களுக்கும் இத்தகைய பதிவு அகப்படுகிற நாடு அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேற்கு நோக்கி வண்டி கட்டிக்கொண்டு போய்க் குடியேறிய உழவன் ஒருவனைப் பற்றி அவனுடைய கொள்ளுப்பேரன் இன்று விரிவாக எழுதிவிடுகிறான். 1850ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுக் குடிமதிப்பிலே அடிமையல்லாத ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்தவனுக்கு 160 ஏக்கர் நிலம் தந்தது. உள்நாட்டுப் போரிலே சண்டையிட்ட சிப்பாய்க்குப் போரிலே கழிந்த காலத்தையும் அந்த ஐந்தாண்டிலே சேர்த்துக்கொள்ளலாம் என்று 1872இல் சலுகை வந்தது. நிலம் கேட்டவன் மனு எழுதினான். மனுவோ தஸ்தாவேசில் தங்கிற்று. இதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. சுதந்திரப் போரிலே சண்டையிட்டு இறந்த சிப்பாய்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது, தங்களுக்கு மணமானதற்குச் சான்று காட்டவேண்டியிருந்தது. வீட்டு வேதப்புத்தகத்தின் ஏட்டிலே பிள்ளைகள் பிறந்த நாளைக் குறித்துவைப்பது அவர்கள் வழக்கம். சில கிழவிகள் அந்த ஏட்டையே கிழித்து அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவை வாசிங்டன் ஆவணக் காப்பகத்திலே இன்றும் இருக்கின்றன. ஓய்வூதியம் என்ற ஒன்று ஏற்படாமல் இருந்தால் பாதி அமெரிக்கருக்குத் தம் பூட்டன் பெயர் தெரிந்திராது என்று நான் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. ஓய்வூதியம் வாங்குகிறவன் என்பதால் எனக்கு அதைச் சொல்லும் உரிமையும் உண்டு. அதே நாட்டிலே அடிமைகளாக இருந்தவர்களின் பெயர் 1850, 1860ஆம் ஆண்டுக் கணக்குகளிலே எழுதப்படவில்லை. வயதும் பாலும் நிறமுமே எழுதப்பட்டன. உடைமையைக் குறிப்பது போலக் குறித்தார்கள். அவர்களுடைய பேரர்கள் தம் குடும்பத்தைத் தேடிப் போனால் அந்தக் கணக்கிலே சுவரில் முட்டிக்கொள்ளுகிறார்கள்.

கதைக்குத் திரும்புவோம்.

மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணாய்க் கலக்கிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பவேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலேயருக்கு முன்பே நம்மவர்க்கு உண்டாயிற்று. இராமநாதபுரம் அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டளவிலே ஆட்களை மலைக்கு அனுப்பி ஆராய்ந்தார்; பொருள் இல்லாமையால் அது நின்றது. 1808இல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு, இது வெறும் கற்பனை என்று எழுதிவிட்டார். 1850இல் கேப்டன் பேபர் சிறிய அளவிலே தொடங்கிய வேலை காய்ச்சலாலும் கூலியாட்கள் கலைந்தமையாலும் கைவிடப்பட்டது. 1860களின் இறுதியிலே இளம் அதிகாரியாக இருந்த பென்னிகுயிக் இதிலே கைவைத்தார். அதற்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரையிலே மதுரைச் சீமையும் திண்டுக்கல் சீமையும் என்ன பாடு பட்டன என்பதை எங்கள் வீட்டுக் கிழவிகள், தாங்கள் பார்த்ததுபோலவே, வயிற்றிலே அடித்துக்கொண்டு சொல்லுவார்கள். அவர்கள் பார்க்கவில்லை, அவர்களுடைய பாட்டிகள் பார்த்தார்கள். பஞ்சம் அரசாங்கத்தையும் அசைத்தது. 1882இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். 1887இல் வேலை தொடங்கிற்று. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த அணை. கடைக்கால் முதல் 176 அடி உயரம். தண்ணீரைக் கிழக்கே கொண்டுவர மலையை ஒரு மைலுக்கு மேல் குடைந்தார்கள்.

அணையின் பொறியியலைப் பற்றிக் கற்றவர்கள் பேசியிருக்கிறார்கள், நான் பேசப்போவதில்லை. அதைச் சுற்றியுள்ள இன்றைய வழக்குக்குள்ளும் நுழையமாட்டேன். ஒரு கதையைப் பற்றி மட்டும் சொல்லியாகவேண்டும். வெள்ளத்திலே அணை அடித்துக்கொண்டு போனபிறகு அரசாங்கம் கைவிரித்துவிட்டது என்றும், பென்னிகுயிக் இங்கிலாந்துக்குச் சென்று தம் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுப் பணம் கொண்டுவந்து கட்டி முடித்தார் என்றும் மேடைதோறும் சொல்லுகிறார்கள். பாடப்புத்தகம் போல இது பரவிவிட்டது. வெள்ளத்திலே தற்காலிகக் கரைகள் மீண்டும் மீண்டும் அடித்துச் செல்லப்பட்டது உண்மை. ஆனால் அணையின் செலவு முழுவதும் சென்னை அரசாங்கத்தின் மராமத்துக் கணக்கிலே எழுதப்பட்டது. அதனால் கிடைக்கும் தண்ணீர்த் தீர்வை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அரசாங்கம் கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் அனுமதி தந்தது. வேலையில் உடனிருந்த பொறியாளர் எ. டி. மெக்கன்சி திட்டத்தின் வரலாற்றை 1899இல் நூலாகவே எழுதியிருக்கிறார்.

சொத்தை விற்ற கதையை நான் மறுத்தால் சில நண்பர்களுக்கு மனம் வருந்துகிறது. அவர்கள் நன்றியைத்தான் அப்படிச் சொல்லுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் ஊரில் கோயில் கட்டிய பெரியவர் தாலியை விற்றுக் கோபுரம் எழுப்பியதாகச் சொன்னால்தான் கதை நிறைகிறது. ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்த ஒரு மனிதன், ஒரே வேலையை இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக மனத்திலே சுமந்து, 'ஆகாது' என்று மேலதிகாரிகள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் சலிக்காமல் மறுமொழி எழுதி முடித்தான் என்பது சொத்தை விற்பதைவிடச் சிறிய காரியமா? நாற்பது ஆண்டு அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

அந்த மலையிலே வேலை செய்தவர்களை நினைக்காமல் இந்தக் குடும்பக் கதை முற்றுப்பெறாது. சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பிரிவுகள் அங்கே வேலை செய்தன. அவற்றிலே இருந்தவர்களுள் பலர் தமிழ்ச் சிப்பாய்கள். மண்வெட்டியையும் துப்பாக்கியையும் ஒருசேரப் பிடித்தவர்கள். அந்தப் பயனியர் படைகள் 1933இல் கலைக்கப்பட்டன. மற்றும் பல்லாயிரம் கூலியாட்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் போனார்கள். மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களைப் பிடித்தன. நோயினால் மட்டும் 483 பேர் மாண்டார்கள் என்று கணக்கு இருக்கிறது. எண் இருக்கிறது, நேயர்களே. சிலியன்வாலாவிலே விழுந்த பதினேழு வயதுப் பையனுக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, எப்படி விழுந்தான் என்பதும் இருக்கிறது. பெரியாற்றிலே மாண்ட நம் பையன்களுக்கு எண்தான் கிடைத்தது.

எங்கள் குடும்பத்திலும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. என் பூட்டனார் அம்மையநாயக்கனூரிலிருந்து பெரியாற்று வேலைக்கு வண்டி ஓட்டினார் என்று என் பாட்டனார் சொல்லுவார். இரவிலே வரிசையாய்ப் போகிற வண்டிகள், அச்சாணிக்கு அடியிலே ஆடுகிற அரிக்கன் விளக்கு, தேவதானப்பட்டியிலே மாடு அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவது, பெரியகுளத்திலே கூழ் குடிப்பது, பாரம் இறக்கித் திரும்பும்போது ஏலக்காய் மணம் வீசும் கோணிகள் என்று அவர் விரித்துச் சொன்னதையெல்லாம் சிறுவயதிலே கேட்டிருக்கிறேன். ஒருமுறை இரண்டு நாள் மழையிலே வண்டி ஓடையில் இறங்கி, இடத்து மாடு கால் முறிந்துபோக, பூட்டனார் தாமே நுகத்தடியைத் தோளில் வாங்கிக் கரையேற்றினாராம். இதிலே எவ்வளவு நடந்தது, எவ்வளவு பாட்டனார் வாய்ச்சாதுரியம் என்று பிரித்தறிய வழியில்லை. சொத்தை விற்ற கதைக்கு நான் கேட்ட சான்றை இந்தக் கதைக்கும் கேட்கவேண்டும் அல்லவா? பூட்டன் என்பதற்காகச் சலுகை காட்டுவது முறையாகாது.

பென்னிகுயிக்கின் மனைவி மக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1879இல் அவர் கிரேசு ஜார்ஜியானா என்ற பெண்ணை மணந்தார். பெண் வீட்டாருக்குக் குலப்பெயர் சாமியர். துறவியரோ என்று நம் காதுக்குப் படும். ஆனால் அவர்களும் சேனாபதிகள் குடும்பமே. முன்னோர் பிரான்சு நாட்டிலே மதக் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்திலே குடியேறியவர்கள். ஆக, ஊர்விட்டு ஊர் பெயர்ந்த இரண்டு குடும்பங்கள் சென்னை மாகாணத்திலே சம்பந்தம் செய்துகொண்டன. அவர்களுக்கு ஐந்து பெண்கள், ஒரு மகன். அணை வேலை நடந்த ஆண்டுகளிலே அந்தப் பெண்குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள் என்பதைப் படத்தை வணங்குகிறவர்கள் ஒருகால் எண்ணிப்பார்க்கலாம்.

அவருக்குக் கிரிக்கெட்டிலே அளவிறந்த ஈடுபாடு. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலே அவர் பெயரால் ஒரு விளையாட்டுக் கோப்பை வழங்கப்பட்டு வந்தது. 1896இல் இந்தியாவைவிட்டுச் சென்று, இந்தியப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ்ஹில் கல்லூரிக்குத் தலைவராக மூன்றாண்டு இருந்தார். பிறகு பிரிஸ்பேன் நகரத்து வெள்ளத்தைத் தடுக்க ஆலோசனை கூற ஆஸ்திரேலியாவுக்கு அழைக்கப்பட்டார். 1899இல், ஐம்பத்தெட்டாம் வயதிலே, மகன் பிறந்தான். அவனுக்கும் ஜான் என்றே பெயர். பாட்டன் ஜான் பிரிகேடியர். தந்தை ஜான் பொறியாளர். பேரன் ஜான் சட்டம் படித்து, இங்கிலாந்து உயர்நீதிமன்றத்திலே நீதிபதியாகி, 'சர்' பட்டம் பெற்று, 1982இல் காலமானார். வாளிலிருந்து மட்டக்கோலுக்கும், மட்டக்கோலிலிருந்து தராசுக்குமாக மூன்று தலைமுறை. பொறியாளர் பென்னிகுயிக் 1911 மார்ச்சு 9ஆம் நாள் கேம்பர்லி என்ற ஊரிலே இறந்தார். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பிலே அவருக்கு மணிமண்டபம் 2013 சனவரியில் திறக்கப்பட்டது. கேம்பர்லியிலும் தமிழ்நாட்டின் சார்பிலே 2022இல் ஒரு சிலை வைக்கப்பட்டது. சனவரி 15ஆம் நாள், பொங்கலை ஒட்டி, பள்ளத்தாக்கு மக்கள் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னதாக வருகிற 13ஆம் நாள் அந்தக் குடும்பத்துக்கு எப்படிப்பட்ட நாளாக இருந்தது என்பது பொங்கல் வைக்கிறவர்களுக்குத் தெரியாது.

தலைமையாசிரியனாக இருந்த காலத்திலே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சி கொடுப்பேன்: 'உன் வீட்டு வமிசாவளியை எழுதி வா.' பெரும்பாலோர் தந்தை, பாட்டன் என்ற அளவிலே நின்றுவிடுவார்கள். பாட்டியின் தாய் பெயரைச் சொல்லக்கூடிய பிள்ளை வகுப்புக்கு ஒன்றோ இரண்டோதான். பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட நன்றாக எழுதுவார்கள். அவர்கள் கிழவிகளோடு பேசுகிறவர்கள். ஒரு பிள்ளை மொய் நோட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நான் அதை வாங்கிப் பார்த்து மகிழ்ந்துபோனேன். நாற்பது ஆண்டு உறவுமுறை, ஊர்ப்பெயர், தொகை எல்லாம் ஒரே கையெழுத்திலே இருந்தன. அமெரிக்கக் கிழவியின் வேதப்புத்தக ஏட்டுக்கு நம்மிடம் ஈடு எது என்று யாரேனும் கேட்டால் மொய் நோட்டைத்தான் காட்டுவேன். ஹரித்துவாரத்துப் பண்டாக்களிடம் வடநாட்டுக் குடும்பங்களின் பெயர்கள் பல தலைமுறைக்கு எழுதப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்திலே கர்ணம் கையிலிருந்த அடங்கலும் சிட்டாவும் ஒருவகை வமிசாவளியே. 1980இல் கர்ணம் பதவி ஒழிந்தபோது பழைய சுவடிகள் பலவற்றைக் கரையான் முந்திக்கொண்டு படித்துவிட்டது. எஞ்சியிருப்பவற்றையாவது வீட்டுப் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். பழைய கிரயப் பத்திரத்தைப் பழைய நிலத்துக்குச் சான்று என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்தக் காலத்து எழுத்தர், எழுதிக்கொடுக்கிறவன் பெயர், தகப்பன் பெயர், இருப்பிடம், ஜீவனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சிலே, முற்றுப்புள்ளி வைக்காமல் எழுதிவைத்திருப்பார்.

ஓய்வுபெற்ற பிறகு நானும் எங்கள் வீட்டு நிலத்தின் மூலப்பத்திரத்தைத் தேடினேன். பதிவகத்திலே நகலுக்கு மனுக் கொடுத்து, பலமுறை நடந்து, ஒருவழியாகக் கிடைத்தது. அணை திறந்த சில ஆண்டுகளுக்குப் பின்னே எழுதப்பட்ட பத்திரம். புன்செய் வாங்கியவர் என் பூட்டனார். பெயருக்குப் பின்னே, ஆத்தூர்க் குடி என்றும், 'பார வண்டி ஜீவனம்' என்றும் எழுதியிருக்கிறது. அடியிலே இடது பெருவிரல் ரேகை. வண்டி எங்கே போயிற்று என்று அதிலே எழுதவில்லை.